ஒரு குப்பி எச்சில்

"மறுபடியும் புகையிலை மென்னிருக்கீங்க!"

"இல்லடி, ஆறு மாசமா தொடக்கூட—"

"தொடாமத்தான் எச்சில்ல இவ்வளவு ஏறிக் கிடக்கா? டாக்டரம்மா, நல்லாக் கேளுங்க. முப்பது வருஷமா இந்த மனுஷனோட இதே ரோதனை!"

"மெதுவாப் பேசு. வெளியில ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க" என்றார் தச்சர்.

"இருக்கட்டுமே! கேட்டுட்டு அவங்களாவது திருந்தட்டும்!"

பல் மருத்துவர் இரண்டு காகிதங்களையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று ரத்தப் பரிசோதனை, மற்றது எச்சில் பரிசோதனை. தச்சரின் கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாக ஒரு படை படிந்திருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் புகையிலையை விடாவிட்டால் அப்படி மாறிவிடலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பு இதே அறையில்தான் அவர் எச்சரித்திருந்தார்.

"எனக்கே குழப்பமா இருக்குங்க. படை பாதியா சுருங்கியிருக்கு. ரத்தத்துல அழற்சியைக் காட்டுற அளவும் நல்லா இறங்கியிருக்கு. எச்சில்ல மட்டும் எகிறி நிக்குது. தினமும் மெல்லுறவங்க வாயிலதான் நான் இப்படிப் பார்த்திருக்கேன்."

"அதைச் சொல்லுங்க! ரத்தத்தை ஏமாத்தினவருக்கு எச்சிலை ஏமாத்தத் தெரியல" என்றாள் மனைவி.

"காலையில எழுந்ததும், பல் விளக்காம, பேசாம உட்கார்ந்துதானே குப்பியில எடுத்தீங்க?"

"அதெல்லாம்... சொன்ன மாதிரிதாங்க." தச்சர் மேலே சுற்றிய மின்விசிறியிடம் பதில் சொன்னார்.

"அப்ப சந்தேகமே வேண்டாம். கன்னத்துல கடுகளவு சதை வெட்டிப் பார்த்துடலாம். இன்னிக்கே."

தச்சர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ மரங்களை அறுத்த கைதான். தன் கன்னம் என்றால் கதையே வேறு.

"கடுகளவு எதுக்கு? நல்லா ஆழமாவே வெட்டுங்க டாக்டரம்மா. அப்பவாவது புத்தி வருதான்னு பார்ப்போம்!"

மருத்துவர் கையுறையை எடுத்தார். தச்சர் எழுந்தே விட்டார்.

"ஒரு நிமிஷம்! அந்தக் குப்பியில இருக்கிறது என் எச்சில் இல்லீங்க."

"பின்ன யாரோடது?" என்றார் மருத்துவர்.

"அன்னிக்குக் காலையில பயத்துல எனக்கு நாக்கு பலகையாட்டம் காஞ்சு போச்சு. கால் மணி நேரம் குனிஞ்சு உட்கார்ந்தும் ஒரு சொட்டு இறங்கல. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய் ஒண்ணு வேணுமாம்னு பொய் சொல்லி, இவளைத் துப்ப வச்சுக் கொண்டாந்துட்டேன்."

மருத்துவர் தம் நாற்காலியை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார். "அம்மா, நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வாய் இறுக மூடிக்கொண்டது.

தச்சர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, இத்தனை வருஷமா என் சட்டைப் பையிலிருந்து பிடுங்கின புகையிலைப் பொட்டலத்தையெல்லாம் எங்கே போட்டே?"