ஐந்தாவது ஏற்பி

ஜாதகம் ஒழிந்து, உடம்புக்குள் கிருமியை மோப்பம் பிடிக்கும் பத்து ஏற்பிகளுக்கும் பொருத்தம் பார்க்கிற காலம் அது. பூங்கோதைக்கு இளஞ்சேரனைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அவன் அப்பா திருஞானத்துக்குத்தான் அவளுடைய அடங்காத ஐந்தாவது ஏற்பியைப் பிடிக்கவில்லை.

"கொசு கடிச்சாலே வீங்குமாமா? எங்க வீட்ல பத்தையும் அடக்கி வெச்சிருக்கோமுங்க. மூணு தலைமுறையா ஒரு காய்ச்சல், ஒரு வீக்கம் கெடையாது" என்று சான்றிதழாலேயே விசிறிக்கொண்டு எழுந்தார்.

செருப்பு மாட்டக் காலைத் தூக்கியவரின் குதிகாலைப் பூங்கோதை பார்த்துவிட்டாள்.

"மாமா, முள்ளுங்க! சுத்தியும் கறுத்துக் கெடக்குது."

"முள்ளா? தோட்டத்துக்குப் போயே ஒரு வாரமாச்சே!"

ஏற்பிகள் அடங்கிக் கிடந்ததால்தான் வீக்கமும் வலியும் தெரியவில்லை, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்ற டாக்டர், மருந்தோடு பத்து ஏற்பிகளையும் தட்டி எழுப்பிவிட்டார். மறுநாளே குதிகால் உளுந்து வடையாக உப்பியது.

அந்த வாரமே நிச்சயதார்த்தம். முக்காலிமேல் காலை நீட்டி உட்கார்ந்த திருஞானம், வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "மருமக கொசுக்கடியெல்லாம் ஒரு வீக்கமாங்க? இதப் பாருங்க!"

பூங்கோதை தடித்த முழங்கையைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். "ஒத்துக்கறேனுங்க மாமா. இனி நம்ம வீட்ல வீக்கத்துக்கு நீங்கதான் பெரியவரு."