இரண்டாம் தொட்டி

மைசூரு சாயப்பட்டறை முதலாளி ஹேமந்த், கெமிஸ்ட் வேலை நேர்காணலுக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு, பெஞ்சில் கவரோடு மிச்சமிருந்த பூங்குழலியை உள்ளே கூப்பிட்டார்.

"பயோடேட்டா எங்கம்மா?"

"கடைசியில தர்றேனுங்க சார். முதல்ல கேள்வியைக் கேளுங்க."

அந்தத் துணிச்சல் அவருக்குப் பிடித்திருந்தது. "ஒரு தொட்டியில கந்தக அமிலக் கழிவு. ரெண்டாம் தொட்டியில வினிகர் அமிலக் கழிவு. ரெண்டுலயும் பிஹெச் மூணு. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு எவ்வளவு போடணும்?"

"ரெண்டாவதுக்கு அம்பது மடங்காவது கூட வேணுமுங்க."

"ரெண்டுக்கும் பிஹெச் ஒரே மாதிரிதானே? ஒரே அளவு போதும்மா."

"இல்லீங்க சார். கந்தக அமிலம் தன் பலத்தை முதல்லயே வெளிய காட்டிரும். வினிகர் கொஞ்சத்தைக் காட்டிட்டு மிச்சத்தை உள்ள வச்சிருக்கும். வெளிய வந்ததைச் சுண்ணாம்பு தீர்க்கத் தீர்க்க, உள்ளிருந்து புதுசா வந்துட்டே இருக்குமுங்க."

ஹேமந்த் நம்பவில்லை. இரண்டு தொட்டியிலிருந்தும் ஒவ்வொரு டம்ளர் வரவழைத்து, சுண்ணாம்புத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றி, பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தார். முதல் டம்ளர் ஒரே ஸ்பூனில் அடங்கியது. இரண்டாவது, நாற்பது ஸ்பூன் ஆகியும் மசியவில்லை.

எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா! ரெண்டாம் தொட்டி கட்டின நாள்லேர்ந்து ஒரே அளவுதான் போட்டு வெளிய விடறோம். நாளைக்கே வேலையில சேருங்கம்மா! இதையெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

பூங்குழலி கவரைப் பிரித்து மேஜையில் வைத்தாள். வேரோடு கருகிய தக்காளிச் செடி.

"நான் வேலைக்கு வரலீங்க சார். உங்க கழிவுத் தண்ணி பாயறது எங்க தோட்டத்துலதான். இதைப் படிச்சு முடிக்க மூணு போகம் ஆச்சுங்க."