தேத்தண்ணியில் ஊறாத பிஸ்கற்

“என்ன பிள்ளை, உந்தப் பிஸ்கற் எவ்வளவு தோய்ச்சும் ஊறுதில்லை?”

பங்குச் சுவாமியார் கேட்டதும் றோசுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணவன் அடைக்கலநாதன் ஒளித்து வைத்திருந்த தகரப் பேணியைத் திறந்து பரிமாறியவள் அவள்தான்.

சுவாமியார் கோபமாகத்தான் வந்திருந்தார். கோயில் காணிக் குளத்தில் அடைக்கலநாதன் மீன் வளர்த்தான். மீன் தின்னாமல் விட்ட தீனி கரைந்து, தண்ணீர் பச்சையாகி நாறியது. குளத்தை மூடச் சொல்லவே அவர் வந்தார்.

அடைக்கலநாதன் உள்ளே வந்து பேணியைக் கண்டு பதறினான்.

“ஐயோ றோஸ்! உது நான் புதுசாச் சுட்ட மீன்தீனியெல்லே! இறால் தலையும் பனங்கிழங்கு ஒடியல் மாவும்!”

றோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். அவனோ கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு துகளும் கரையவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

“சுவாமி, குளத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம். இன்னும் அரை மணித்தியாலம் அதைத் தேத்தண்ணிக்குள்ளை அப்பிடியே பிடிச்சிருங்கோ!”