பீரங்கிக்காரர்

“சண்டை பிடிச்சிட்டு வாங்கோ எண்டு அனுப்பினால், மெம்பராகி வந்து நிக்கிறியளே! வெக்கமா இல்லையா?”

யோகா இதைக் கேட்டு ஆறு மாதமாகிறது. கணவர் ஈஸ்வரமூர்த்தியிடமிருந்து ஒழுங்கான பதில் இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவில், டண்டினொங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு திடல். மாதத்தின் முதல் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, பழங்காலத்துப் படைவீரர் உடுப்பை மாட்டிக்கொண்டு சில வெள்ளைக்காரர்கள் அங்கே பீரங்கி சுடுவார்கள். குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு.

கூடவே இருக்கும் யோகாவின் தம்பி சுஜீதனுக்கு அப்படியில்லை. வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பங்கர் குழிக்குள் கழித்தவன். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம், அந்தச் சத்தம் கேட்டதும் முப்பது வயது ஆண்பிள்ளை சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுவிட்டான். வெளியே கொண்டுவர ஒரு மணித்தியாலம் பிடித்தது.

“போய் நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றுதான் யோகா கணவரை அனுப்பினாள். போன மனிதர் அவர்களுடைய கிளப்பிலேயே சேர்ந்து, கையில் ஒரு நீலக் கோட்டோடு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு பகலில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே நின்றபடி மணிக்கூட்டையே பார்ப்பாள். விழுந்தடித்து வீட்டுக்கு வந்தால், நீலக் கோட்டுக்காரர் குசினியில் நின்று ஆறுதலாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்.

“தம்பி, பயந்தியோடா?”

“விடுங்கோ அக்கா.”

அவ்வளவுதான் அவன் பேச்சு.

சனம் சும்மா இருக்குமா? சிநேகிதி பத்மா போன் எடுத்து, “உம்மட மனுசன் இப்ப ஆமிக்காரராம்?” என்று சிரித்தாள். “ஷெல்லடிக்குத் தப்பி வந்த எங்கட ஆக்கள் பீரங்கியோட விளையாடுறதை இப்பதான் கேள்விப்படுறன்.”

யோகாவுக்கு மானமே போய்விட்டது. இந்த ஞாயிறு இரண்டிலொன்று பார்த்துவிடுவதென்று வேலைக்கு லீவு போட்டாள்.

காலையிலிருந்து ஹோலுக்கும் குசினிக்கும் நடந்தபடியே இருந்தாள். சோறு குழைந்துபோனது. கணவர் பத்து மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு நெருங்கியதும் சுஜீதன் எழுந்து தன் அறைக்குள் போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய பொறுமை எல்லாம் போய்விட்டது. காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு திடலுக்கு நடந்தாள்.

கயிறு கட்டி, அதற்கு வெளியே ஒரு நூறு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் நாலைந்து கோட்டுக்காரர்கள். ஈஸ்வரமூர்த்தி மட்டும் நன்றாகத் தள்ளி, ஒரு கையில் சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்தபடி, மறு கையில் போனோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

யோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதம் அலைந்தும் கொடி பிடிக்கத்தான் விட்டிருக்கிறார்கள்! அதிலும், இத்தனை பேரைக் காக்கவைத்துவிட்டுப் போனில் அரட்டை வேறு!

கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஓடிவந்து மறித்தார். கிளப்பின் தலைவராம்.

“அது என் கணவர். இன்றோடு அவருடைய பெயரை வெட்டிவிடுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில்.

தாடிக்காரர் திகைத்துப்போனார். “அவர் கொடியை இறக்கினால்தான் நாங்கள் சுடுவோம். அந்த நிபந்தனையில்தான் சேர்ந்தார். வேறு எந்த வேலை கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்.”

“இப்போது ஏன் இறக்காமல் நிற்கிறார்?”

“போனில் யாரோ சரி என்று சொல்லவேண்டுமாம். இவர் சேர்ந்த முதல் மாதம் சரி என்று வரவேயில்லை, சுடாமலே வீட்டுக்குப் போனோம். அடுத்த மாதம் முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். இப்போதெல்லாம் ஐந்து நிமிடம்தான். யார் என்று நாங்கள் கேட்பதில்லை.”

யோகா கணவருக்குப் பக்கத்தில் போனாள். அவளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“உமக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டான்.”

பிறகு ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார். யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் கேட்டது.

“அவசரமில்லை ராசா. நீ சொல்லாமல் இஞ்ச ஒருத்தரும் சுடமாட்டினம்” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

யோகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நூறு பேரும் நின்றார்கள், அவளும் நின்றாள்.

கடைசியில் போனுக்குள்ளிருந்து சுஜீதனின் குரல் வந்தது.

“ஓம் அத்தான். இப்ப சுடச் சொல்லுங்கோ.”