மீற முடியாத விதி

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. கம்பெனியின் சர்வர் கணினிகளைப் பாதுகாப்பது அவள் பொறுப்பு. ஊழியர்களின் பாஸ்வேர்டை மாற்றித்தரும் மென்பொருள் சேவை எந்தெந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நேற்றுதான் விதி எழுதிப் போட்டிருந்தாள். யாராலும் மீற முடியாத விதி.

இன்று காலை முதலாளியே அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"என் பாஸ்வேர்டு காலாவதி ஆயிடுச்சாம். மாத்தப் போனா 'அனுமதி இல்லை'ங்குது. அந்த விதியைக் கொஞ்சம் எடுத்துவிடும்மா."

"முடியாது சார்."

"கம்பெனியே என்னோடதும்மா."

"அது சர்வருக்குத் தெரியாது சார்."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"அஞ்சே நிமிஷம்."

"முடியாது சார்."

"எடுக்கலைன்னா உன் வேலை போயிடும்னு சொன்னா?"

"அப்பவும் முடியாது சார்."

முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். இனிமே பாதுகாப்புப் பிரிவுக்கே நீதான் தலைவி," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

"உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திதான். முதலாளிக்காக ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துவிட்டா என்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பாஸ்வேர்டு மாத்தற அந்தச் சேவை, பாஸ்வேர்டெல்லாம் இருக்கிற கோப்பைத் தொடலாம்னு எழுத மறந்துட்டேன் அண்ணா. விதியைத் திருத்தணும்னா நான் சர்வருக்குள்ள போகணும். என் பாஸ்வேர்டும் இன்னிக்குக் காலையிலதான் காலாவதி ஆச்சு. மாத்தப் போனா எனக்கும் 'அனுமதி இல்லை'ங்குது."