கேடயம் கேட்ட கணக்கு

மண்டலக் கல்லூரிகளின் விளையாட்டு விழாவில், தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிக்கும் கல்லூரிக்கே சுழற்கேடயம் சொந்தம் என்பது விதி. மலையடிவாரத்துச் சின்னக் கல்லூரி மூன்றாம் வருடமும் ஜெயித்தது. அரை மணி நேரத்தில் மைக் அறிவித்தது: "விதி மாறிவிட்டது. இனி ஐந்து வருடம்."

கேடயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைக் கேட்டது: "யாருடா மாத்தினது?"

"கமிட்டி. எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். என்மேல ஏன் எரிஞ்சு விழறே?"

"எனக்கு முந்தின கேடயம், எங்க அண்ணன், மூணே வருஷத்துல கமிட்டித் தலைவரோட காலேஜ் சுவர்ல ஏறிட்டான். அன்னிக்கு இந்த அஞ்சு எங்கேடா போச்சு?"

மைக் கரகரத்தது.

"காலையில 'மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ'ன்னு கத்தினியே. மூணுக்கு மேல எண்ண உனக்கு எப்படா கத்துக் கொடுத்தாங்க?"