ஜெர்சியைக் கொடுப்பவன்

ஜெர்சி அவன் கையில் இருந்தது.

புதுத் துணி. தோளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. முதுகில் இலக்கம் ஒன்பது.

ஆட்டக்காரர்கள் சுவரோரப் பெஞ்சுகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விரல்களிலும் கணுக்கால்களிலும் டேப் சுற்றிய பெரிய உடம்புகள். தைல நெடி கண்ணைக் கரித்தது. நடுவில் தம்பி துவாரகன், மேல்சட்டை இல்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

சிட்னியின் அந்த ரக்பி லீக் கிளப்பில் அது வழக்கம். முதல் அணிக்கு முதன்முறையாக இறங்குகிறவனுக்கு, அவன் வீட்டு ஆள் ஒருவர் வந்து ஜெர்சியைக் கொடுக்கவேண்டும்.

அம்மாவைத்தான் கேட்டார்கள். அவள் மூத்தவனைக் கைகாட்டிவிட்டாள். அவன்தானே தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குத் திரிந்தவன் என்றாளாம்.

உண்மைதான். திரிந்தான்.

தன்னுடைய பயிற்சிக்கு.

துவாரகன் அப்போது வீட்டில் தனியாக விடமுடியாத வயது. மைதானக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சிப்ஸ் தின்னட்டும் என்றுதான் கூட்டிப்போனான். ஆள் குறைந்த ஒரு மாலையில் உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்ததும் அவன்தான்.

அன்றே தெரிந்துவிட்டது.

விழுத்தப்பட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிய மறுகணம், துவாரகன் குனிந்திருந்தான். எடுத்தான். நிமிராமலே சரியான ஆளுக்கு வீசினான். ஒன்பதாம் இலக்கக்காரனின் வேலை அது; அண்ணன் வருடக்கணக்காகக் கராஜுக்குள் நின்று பழகிய அசைவு. தம்பிக்கு அது மூச்சு விடுவதுபோல வந்தது.

எல்லோரும் விசிலடித்தார்கள். அண்ணன் மட்டும், புல் ஈரம், வீட்டுக்குப் போவோம் என்றான்.

அவனும் ஒன்பதாம் இலக்கம்தான். இதே கிளப், இரண்டாம் அணி. ஒருமுறை, மேலதிக ஆளாக, முதல் அணியோடு பிரிஸ்பேனுக்குப் பறந்துபோனான். யாருக்கும் அடிபடவில்லை. உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான். அந்தப் பருவம் முடியுமுன் முழங்கால் போனது. கத்தி வைத்தார்கள். மறுபடியும் வைத்தார்கள். பிறகு கிளப் அவன் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

பயிற்சியாளர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேசினான். ஒருநாளும் வேலையைத் தவறவிடாத அப்பா, இருந்திருந்தால் இன்றைக்கு வேலைக்குப் போயிருக்கமாட்டார் என்றான். சிரித்தார்கள். தம்பியைவிட இந்த இலக்கத்துக்குப் பொருத்தமானவன் இல்லை என்றான். காரில் வரும்போது மனப்பாடம் செய்திருந்தான். ஒரு சொல்லும் தவறவில்லை.

ஜெர்சியை நீட்டினான்.

துவாரகன் இரண்டு கையாலும் பிடித்தான்.

அண்ணன் விடவில்லை.

விரல்கள் அவனைக் கேட்காமல் இறுகின. துவாரகன் மெல்ல இழுத்துப் பார்த்தான். துணி இருவருக்கும் நடுவே விறைத்தது. முதுகிலிருந்த ஒன்பது கோணிக்கொண்டது.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாசம் என்று நினைத்திருக்கவேண்டும்.

துவாரகன் சிரித்த முகம் மாறாமல், அந்த அறையில் வேறு எவருக்கும் விளங்காத மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னான்.

"விடுங்கோ அண்ணா. எனக்கு எப்பவோ தெரியும்."

விட்டான்.

அறை முழுக்கக் கைதட்டியது. தடித்த கையொன்று அவன் முதுகில் அறைந்து வாழ்த்தியது. தம்பியின் தலை ஜெர்சிக்குள் மறைந்து, மேலே வந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

பார்வையாளர் மாடத்தில் அம்மா அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. அவளுக்கு ஆட்டம் விளங்காது. எதற்காக விசில், எதற்காகச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான். தம்பி நன்றாக ஆடுகிறானா என்று கேட்டபோது மட்டும், பரவாயில்லை என்றான்.

பரவாயில்லை என்ற ஆட்டமல்ல அது.

பின்வரிசையில் சிலர் துவாரகனின் பெயரைக் கூவத் தொடங்கினார்கள். தப்பாகக் கூவினார்கள். தப்பாகக்கூட அண்ணனின் பெயரை இந்த மைதானத்தில் யாரும் கூவியதில்லை.

இரண்டாம் பாதியில், பந்தோடு ஓடிய துவாரகன்மேல் இரண்டு பேர் ஒன்றாக மோதினார்கள். மோதிய ஓசை மேலே வரைக்கும் கேட்டது. கால் உடம்புக்கு அடியில் மடங்கக் கிடந்தான்.

எழவில்லை.

மைதானம் அடங்கியது. மருத்துவப் பையோடு ஒருவர் ஓடினார்.

அண்ணனுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. யாரோ சுமையை வாங்கிக்கொண்டதுபோல. ஆழமாக மூச்சை இழுத்தான், விட்டான். அன்று காலையிலிருந்து அப்படி ஒரு மூச்சு வரவில்லை.

ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொல்ல அம்மாவின் பக்கம் திரும்பினான்.

அம்மா மைதானத்தைப் பார்க்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

சுற்றிலும் கைதட்டல் எழுந்தது. துவாரகன் எழுந்து நின்றிருக்கவேண்டும். முன்வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அம்மா அசையவில்லை.

அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து மூடினாள்.

பிறகுதான் மைதானத்தின் பக்கம் திரும்பினாள்.